நாற்பது நாள் கேட்ட கேள்வி

தம்பி கதிர்,

வருகிற வியாழக்கிழமை உன் அம்மா சென்னைக்கு ரயில் ஏறுகிறாள். ரேவதிக்கு உடம்பும் மனசும் கொஞ்சம் தேறும்வரை உங்களோடு இருந்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்பலாம் என்று இருக்கிறேன். போனில் சொன்னால் போதாதா என்று நீ கேட்கலாம். நீயும் நானும் போனில் பேசிக்கொண்ட இத்தனை வருடத்தில் சாப்பிட்டாயா, அங்கே மழையா என்பதைத் தாண்டிப் போனதில்லை. அதற்குக் காரணம் நீ இல்லை. நான் பேச ஆரம்பித்தால் அது பாடம் நடத்துவதாகத்தான் முடிகிறது. எழுதினால் இடையில் நிறுத்தி, அடித்து, திருத்த முடிகிறது. இது நான் திருத்தி எழுதிய மூன்றாவது படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அம்மா அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை முழுக்கச் செதில். அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேடையில் வைத்திருந்தாள். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை, ஆனால் எல்லாம் கேட்டது. "பூத்தண்ணி வாங்கி வச்சிருக்காம்மா உங்க மருமக. நாலு சொட்டு நாக்குல விட்டா துக்கம் போயிருமாம். தலையில வைக்கிற மல்லியப்பூவ ஊறவச்சுக் குடி, அதுவும் அதேதான்னேன்" என்று சொல்லிவிட்டு நீ சிரித்தாய். அம்மா, "அவ என்ன சொன்னா?" என்று கேட்டாள். "என்ன சொல்லுவா, ரூமுக்குள்ள போயிட்டா" என்றாய். அதற்குப் பிறகு அம்மா பேச்சை மாற்றிவிட்டாள். நீ கவனித்திருக்க மாட்டாய். நான் கவனித்தேன். உன் சிரிப்பையும் கவனித்தேன். அது என்னுடைய சிரிப்பு. மூக்கு வழியாக ஒரு மூச்சை விட்டுவிட்டு, அதற்கப்புறம் வருகிற அதே சிரிப்பு. அதை நீ எங்கே படித்தாய் என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் வயதாகி மனம் மாறி மலர் மருத்துவத்தில் நம்பிக்கை வைத்துவிட்டேன் என்று நினைக்காதே. இருபத்தேழு வருடம் வேதியியல் நடத்தியவன். பூவைத் தண்ணீரில் போட்டு வெயிலில் வைக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் பிராந்தியைக் கலந்து, அதில் ஒரு சொட்டை எடுத்து மறுபடி தண்ணீரில் விட்டு, அதைச் சின்னக் குப்பியில் அடைக்கிறார்கள். பயத்துக்கு ஒரு பூ, ஏக்கத்துக்கு ஒரு பூ, மனம் உடைந்ததற்கு ஒரு பூ. கடைசியில் குப்பிக்குள் பூவில் இருந்து ஒன்றும் மிஞ்சுவதில்லை. நான் படித்துப் பார்த்த அளவில், வெறும் தண்ணீருக்கு மேல் அது எதுவும் செய்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. இதில் நீ சொல்வது சரி. நானும் சரியாகத்தான் சொன்னேன். அந்தச் சரியை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைத்தான் உனக்கு எழுதுகிறேன். அம்மா இதுவரை உன்னிடம் சொல்லவில்லை என்பது ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு உறுதியானது. சொல்லியிருந்தால் நீ அப்படிச் சிரித்திருக்க மாட்டாய்.

நீ கோயம்புத்தூரில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாய். உன் மாமன் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள், நினைவிருக்கும். நாம் போகவில்லை. உனக்குப் பரீட்சை, எனக்குப் பள்ளியில் வேலை என்று உன்னிடம் சொன்னோம். உண்மை அது இல்லை. நம் பக்கத்தில் அக்கா வீட்டுக்காரனை வீட்டுக்கு வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்துத்தான் அழைப்பார்கள். உன் மாமன் பத்திரிகையைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினான். மறுநாள் போன் செய்து, "மிளகாப்பழம் எடுக்குற நேரம் மச்சான், ஆளுக கெடைக்கல, அலைய முடியல. தப்பா நெனைக்காதீக" என்றான். தப்பாகத்தான் நினைத்தேன். முதுகுளத்தூரில் இருந்து மண்டபத்தில் இருக்கும் நம் வீட்டுக்கு அவனால் வர முடியவில்லை, ஊர்ப் பெரிய மனிதர்கள் வீட்டுக்கெல்லாம் தட்டோடு போயிருக்கிறான். அந்த வருடம்தான் என்னை விட இளையவன் ஒருவனைத் தலைமை ஆசிரியர் ஆக்கினார்கள். எல்லா இடத்திலும் என்னை ஒதுக்குகிறார்கள் என்ற எரிச்சலில் இருந்தேன். அவன் தட்டோடு வந்து அழைக்கிறவரை இந்த வீட்டில் இருந்து யாரும் அந்த வாசல் மிதிக்கக் கூடாது என்று சொன்னேன். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

எட்டு மாதம் கழித்து, மாமன் வீட்டில் இருந்த உன் அம்மாச்சி படுத்தார்கள். பதினெட்டு நாள் கிடந்தார்கள். அம்மா ஒவ்வொரு நாளும் தான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் விட்டுத் தங்கச்சிமடத்தில் இருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, என் முகத்தைப் பார்ப்பாள். நான் போகாதே என்று மறுபடி சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவன் வந்து கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். அவனுக்கும் வீம்பு. பத்தொன்பதாம் நாள் காலையில் செய்தி வந்தது. அம்மா போய்ச் சேர்ந்தபோது முகத்தை மட்டும் பார்க்க முடிந்தது. உனக்கு நாங்கள், திடீரென்று போய்விட்டார்கள் என்று சொன்னோம்.

அதற்குப் பிறகு அம்மா தூங்கவில்லை. சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவாள். வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிடுகிறது என்று, பாதி நாள் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள். பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும் மூச்சு முட்டுகிறது என்றாள். இருபது வருடம் தினமும் தாண்டிய பாலம். நான், "வயசு அப்படி, பாரு" என்றேன். எல்லாப் பொம்பளைகளுக்கும் வருவதுதான் என்றேன்.

அவள் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஜெசிந்தா டீச்சரை உனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தனுப்புவார்களே, அவர்கள்தான். எங்கேயோ படித்துவிட்டு வந்து மலர் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவைக் கூட்டிவர ஒருநாள் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். படகுக்காரர் வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கடலுக்குப் போன படகு எல்லை தாண்டி அந்தப் பக்கம் பிடிபட்டு, திரும்பி வருமா என்று காத்திருந்தவர்கள். ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்: "போன மாசம் குடுத்தது பயத்துக்கு டீச்சர். இப்பப் பயம் இல்ல. அவரு வந்து சேந்துட்டாரு, அவரு மேல கோவந்தான் பொத்துக்கிட்டு வருது. கோவத்துக்கு ஒண்ணு குடுங்க."

"உனக்கா, அவருக்கா?"

"எனக்குத்தான். அவருக்குக் குடுத்தா பிராந்தி வாசத்துக்குப் பாட்டிலோட முழுங்கிருவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அம்மா சிரித்து நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. எனக்கு அது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இங்கே இந்தச் சிரிப்பு வருகிறது, வீட்டில் வரவில்லையே என்று கோபம் வந்தது. டீச்சர் அவளுக்கு ஒரு சின்னக் குப்பியும் கொடுத்து, ஒரு சீட்டில் ராமநாதபுரத்தில் மனநல டாக்டர் உட்காரும் நாளையும் எழுதிக் கொடுத்தார்கள். "இது ஒரு துணைக்குத்தான்மா. தூக்கம் வரலன்னா டாக்டரப் பாக்கணும், அத விட்டுறாத" என்றார்கள். எனக்குக் கேட்கும்படிதான் சொன்னார்கள். பஸ்ஸில் வரும்போது நான் அம்மாவிடம், "வாத்தியார் வீட்டுப் பொம்பளைக்குப் பைத்தியம்னு ஊர் பேசணுமாக்கும்" என்றேன். அவள் அந்தச் சீட்டை மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. குப்பியை மட்டும் சாமி மாடத்தில் வைத்து, வேளாவேளைக்கு நாக்கில் விட்டுக்கொண்டாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த நேரத்தில் அது எவ்வளவு நியாயமாகத் தெரிந்தது என்று சொன்னால்தான் உனக்குப் புரியும். வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், சோதனை செய்து காட்டலாம் என்று தோன்றியது. பள்ளி ஆய்வகத்தில் இருந்து காய்ச்சி வடித்த நீர் கொண்டு வந்தேன். வாசனைக்குப் பிராந்தி வேண்டும். மண்டபத்தில் என்னை எல்லோருக்கும் தெரியும் என்பதால் ராமநாதபுரம் போய் வாங்கினேன். அங்கே வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் திரும்பிப் பார்த்து, "சார், நீங்களுமா?" என்றான். பத்து வருடத்துக்கு முன் என்னிடம் படித்தவன். மருந்துக்கு என்றேன். "நாங்களும் மருந்துக்குத்தான் சார்" என்று எனக்கு இடம் விட்டான். வீட்டுக்கு வந்து குப்பியைக் காலி செய்து, தண்ணீரில் இரண்டு சொட்டு பிராந்தியை விட்டு, அதே இடத்தில் வைத்தேன். டீச்சர் புதுக் குப்பி கொடுத்தனுப்பும்போதெல்லாம் அதே நாளில் மாற்றினேன்.

சோதனை என்றால் பதிவு வேண்டும். ஒரு நோட்டை எடுத்துக் கட்டம் போட்டேன். தேதி, தூக்கம், சாப்பாடு, அழுகை, குறிப்பு. அதை நிரப்புவதற்காக நான் தினமும் அவளிடம் கேட்க வேண்டியிருந்தது. பள்ளி விட்டு நேராக வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் அவள் டீ போட்டு எடுத்து வந்ததும் எதிரில் உட்கார்ந்து, "நேத்து எப்படித் தூங்குன?" என்று கேட்டேன். "இப்ப மனசுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். முதல் வாரம் அவள் ஒரு வார்த்தையில் சொன்னாள். இரண்டாவது வாரம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள், இன்னும் இருக்கிறேனா என்று. நான் இருந்தேன். எனக்குக் குறிப்பு வேண்டும். மூன்றாவது வாரத்தில் இருந்து டீ ஆறிப்போகும் அளவுக்குப் பேசினாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் அவள் அவ்வளவு தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அவள் சின்ன வயதில் ஆட்டுக்குட்டி ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய் அடி வாங்கியது, உன்னைப் பெற்றபோது பயந்தது, நான் மூன்று நாள் பேசாமல் இருந்தால் அவள் மனதுக்குள் என்ன எண்ணிக்கொள்வாள் என்பது, எல்லாம் வந்தது.

இருபத்து நான்காம் நாள் அவள் அம்மாச்சியைப் பற்றிச் சொன்னாள். இழவு வீட்டில் பக்கத்து வீட்டுக்காரி அவளிடம் சொன்னதாம். கிடந்த பதினெட்டு நாளும், பார்க்க வந்தவர்கள் மகள் வரவில்லையா என்று கேட்கும்போதெல்லாம் அம்மாச்சி, "மண்டபத்துலேந்து பஸ்ஸு கெடைக்கலையாக்கும்" என்றார்களாம். வாசலில் யாராவது வந்தால், "பஸ்ஸு வந்துருச்சா?" என்பார்களாம். "எங்கம்மா என்னையும் விட்டுக்குடுக்கல, உங்களையும் விட்டுக்குடுக்கல" என்று அம்மா சொல்லிவிட்டு அழுதாள். நான் எதிரில்தான் இருந்தேன். கையை நீட்டியிருக்கலாம். அன்றைய கட்டத்தில் நான் எழுதியது இது: அழுகை, உண்டு, சுமார் பத்து நிமிடம். குறிப்பு, தாய் பற்றி. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எரித்துவிடலாம் என்று பலமுறை நினைத்து, எரித்தால் தப்பித்ததாக ஆகிவிடும் என்று வைத்திருக்கிறேன்.

அவள் தேறினாள். கட்டங்களில் அது தெளிவாகத் தெரிந்தது. தூக்கம் இரண்டு மணி நேரத்தில் இருந்து ஐந்தரைக்கு வந்தது. பாலத்தில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வந்ததாக அவளே சொன்னாள். எனக்கு வெற்றி என்று பட்டது. நாற்பதாம் நாள் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா டீச்சரையும் கூட வேலை பார்க்கும் இரண்டு பேரையும் சாப்பிட அழைத்திருந்தாள். நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். தேறிய சந்தோஷத்தில் செய்த விருந்து அது. சாப்பாடு முடிந்ததும் நான் நோட்டை எடுத்து வந்தேன். "டீச்சர், நாப்பது நாளா இவ குடிச்சது எங்க லேப் தண்ணி" என்று ஆரம்பித்தேன். தேதி வாரியாக வாசித்தேன். தூக்கம் இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு. எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள். வாயடைத்துப் போனார்கள் என்று எடுத்துக்கொண்டேன். இருபத்து நான்காம் நாளுக்கு வந்து, தாய் பற்றி என்று வாசித்து, பஸ் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். ஜெசிந்தா டீச்சர், "போதும் சார். அத வாசிக்காதீங்க" என்றார்கள். குரல் உயரவில்லை. ஒரு பிள்ளையை உட்காரச் சொல்வது போலச் சொன்னார்கள். நான் உட்கார்ந்தேன்.

அவர்கள் போன பிறகு அம்மா பாத்திரம் எல்லாம் கழுவி முடித்தாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் சத்தம் போடுவாள், மருந்தை நம்பினேனே என்று அழுவாள் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். "தண்ணிய மாத்துனீக, அது போகுது" என்றாள். "தெனமும் வந்து உக்காந்து கேட்டீகளே, அதுவும் இந்த நோட்டுக்குத்தானா?"

ஆமாம் என்றால் அது உண்மை. இல்லை என்றாலும் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது, ஏனென்றால் முப்பதாம் நாளுக்குப் பிறகு அந்த டீ நேரத்துக்காக நான் பள்ளி மணி அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நான் நோட்டை மூடி அலமாரியில் வைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவளைத் தேற்றியது எந்தச் சொட்டு என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. காலம்கூட இருக்கலாம். ஆனால் மருந்து என்று ஏதாவது இந்த வீட்டில் இருந்திருந்தால், அதை நான்தான் நாலு பேர் முன்னால் கீழே கொட்டினேன்.

அதற்குப் பிறகு எப்படித் தூங்கினாய் என்று கேட்டால் "நல்லா" என்பாள். மனசுக்கு எப்படி என்று கேட்டால் "ம்" என்பாள். மூன்று வருடமாக அதே பதில். தூக்கம் மறுபடி போனது என்பது எனக்குத் தெரியவே ஆறு மாதம் ஆனது. ஒருநாள் பஸ் பாஸைத் தேடி அவள் பையைத் திறந்தபோது மாத்திரை அட்டையும் ஆஸ்பத்திரிச் சீட்டும் இருந்தன. தனியாக ராமநாதபுரம் பஸ் ஏறி, வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்திருக்கிறாள். கூட யாரும் வரவில்லையா என்று அவர்கள் கேட்டிருப்பார்கள். என்ன சொன்னாளோ. பஸ் கிடைக்கவில்லை என்று சொல்லியிருப்பாளோ என்று எனக்கு ஓர் எண்ணம் வரும். கேட்கத் துணியவில்லை. இப்போது அவள் நன்றாக இருப்பதற்கு அந்த டாக்டர் காரணம், அவள் காரணம். நான் இல்லை.

இனி உன் விஷயம். ரேவதி ஐந்து மாதம் சுமந்த பிள்ளையை இழந்து இன்னும் நூறு நாள் ஆகவில்லை. நீ அவளிடம், இன்னொன்று பிறக்கும் என்று சொன்னதாக அம்மா சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பாய். அவள் சொட்டு மருந்து போட்டுக்கொள்வது மருந்தில் இருக்கும் நம்பிக்கையால் மட்டும் இருக்காது. துக்கத்துக்கு நாளில் நாலு முறை ஓர் இடம் ஒதுக்கிக்கொள்கிறாள். வீட்டில் வேறு இடம் இல்லை. நீ கேட்கவில்லை, அந்தக் குப்பி கேட்கிறது. அதைப் பிடுங்காதே, கேலி செய்யாதே, நம்புவதாகப் பொய்யும் சொல்லாதே. டாக்டரிடம் அவளைக் கூட்டிப் போ. அனுப்பாதே, கூட்டிப் போ. தூக்கமும் சாப்பாடும் இத்தனை நாள் கெட்டிருந்தால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய நோய், சொட்டுகளால் தீராது. அந்தக் குப்பியில் பிராந்தி இருக்கிறது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பிறகு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கேள். அவள் ஒரு வார்த்தையில் பதில் சொல்வாள். எழுந்து போய்விடாதே. எனக்கு மூன்றாவது வாரம் ஆனது, உனக்கு அதற்கும் மேல் ஆகலாம்.

உன் மாமனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவன் இதுவரை தட்டோடு வரவில்லை. அந்தத் தலைமை ஆசிரியரைப் பார்த்தால் இன்னும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். திருந்திய ஆளாக இதை எழுதவில்லை. என் கோபத்தில் பாதி நியாயம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த நியாயத்துக்காக நான் யாரை அனுப்பாமல் வைத்திருந்தேன் என்பதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

இதோடு முடித்து உறையில் போட இருந்தேன். ஆனால் அவளைப் பற்றி இவ்வளவு எழுதி, அவளுக்குத் தெரியாமல் அவள் கையிலேயே கொடுத்தனுப்புவது மறுபடியும் அதே வேலை என்று பட்டது. இன்று காலை பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு தாள் விடாமல் படித்தாள். நான் நிலைப்படியில் நின்றேன். ஓர் இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். முடித்ததும் தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கி என்னிடம் நீட்டினாள்.

"நல்லா எழுதிருக்கீக. அவனுக்குச் சொல்லிட்டீக" என்றாள். "எங்கிட்ட எப்பச் சொல்லுவீக?"

பிறகு நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது உனக்கு வேண்டாம். வாக்கியமாக வரவில்லை என்று மட்டும் தெரிந்துகொள். அவள் இதுவரை பதில் சொல்லவில்லை. ரேவதிக்கு என்று வாங்கிய இரண்டு நைட்டிகளை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். வியாழக்கிழமை வரை நாள் இருக்கிறது. சொல்லாமல் ரயில் ஏறினாலும் அது அவள் இஷ்டம். அங்கே வந்ததும் எனக்காக நீ அவளிடம் பேசிப் பார்க்காதே. இதைப் படித்து முடித்ததும் எழுந்து அந்த ரூமுக்குள் போ, ரேவதி அங்கேதான் இருப்பாள்.

அய்யா